சீமைப் புறம்போக்கு

சீமைப் பிரயாணம் என்றால் ஒரு காலத்தில் அது ஊர்த் திருவிழா மாதிரி. ரயிலடிக்கு நூறு பேர் வருவார்கள். மாலைகள் விழும். பாட்டிமார் கண்ணீர் விடுவார்கள். இப்போது அந்த ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கிவிட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும், பிள்ளையோ பெண்ணோ ஐரோப்பாவில் படித்துக்கொண்டோ உத்தியோகம் பார்த்துக்கொண்டோ இருக்கும் வீடுகள் இன்று அநேகம். கோடை வந்ததும் பெற்றோர்கள் பருப்புப் பொடி, வேப்பிலைக்கட்டி, எலுமிச்சங்காய் ஊறுகாய் சகிதமாகப் புறப்பட்டு விடுகிறார்கள். பதினைந்து நாளில் ஐந்து தேசம் பார்த்துவிட்டு, பதினாறாம் நாள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள்.

அவர்களுடைய பிரயாணக் குறிப்பை வாங்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். பாரிஸில் இரும்புக் கோபுரம், லண்டனில் மணிக்கூண்டு, ரோமாபுரியில் இடிந்த அரங்கம், ஸ்விட்ஸர்லாந்தில் பனிமலை. இவற்றைப் பார்க்க வேண்டியதுதான், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் இந்த ஜாபிதாவில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி சிபாரிசு செய்கிறோம். அதுதான் கோல்ப் மைதானம்.

இதைச் சொன்னபோது சிதம்பரத்து அம்மாள் ஒருவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். “குச்சியால் பந்தைத் தட்டிக் குழியில் போடுகிற புல்தரையைப் பார்க்கவா அவ்வளவு பணம் செலவழித்துக்கொண்டு போவது? இந்த மனிதர்களுக்குக் கிட்டிப்புள் தெரியாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். கோல்ப் என்றதும் நம்முடைய ‘கோல்’ ஞாபகத்துக்கு வரும். டச்சு மொழியில் ‘கோல்ப்’ என்றால் தடி. அதிலிருந்துதான் இந்த ஆட்டத்துக்குப் பெயர் வந்தது என்று பலர் சொல்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் நமது தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் பண்டகசாலை வைத்து வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் இந்தத் தடியை இங்கே கொண்டு வந்தார்களோ என்னவோ, தராசைக் கொண்டு வந்தார்கள் என்பது நிச்சயம். ஆட்டம் வேரூன்றியது ஸ்காட்லாந்தில். அங்கே 1457-ஆம் வருஷத்திலேயே இரண்டாம் ஜேம்ஸ் அரசனுடைய பார்லிமெண்டு, ஜனங்கள் வில்வித்தை பழகாமல் பந்தடித்துப் பொழுது போக்குகிறார்கள் என்று கோல்பையும் கால்பந்தையும் தடை செய்து சட்டம் போட்டது. பரீட்சைக்கு முன்னால் பையன்களிடம் நாம் போடும் சட்டங்களுக்கு என்ன பலன் கிடைக்கிறதோ அதே பலன்தான் அந்தச் சட்டத்துக்கும் கிடைத்தது.

இனி நிலத்தைப் பார்ப்போம். விஷயமெல்லாம் அதில்தான் இருக்கிறது. நிலத்தை ஐந்தாகப் பிரித்துப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர்கள். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் நெய்தல் மணலுக்கு ‘லிங்க்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அலை முடிந்து கழனி தொடங்கும் வரையில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் பரப்பு அது. ஏர் பிடிக்க உதவாது. உப்புக்காற்று மரத்தை வளர விடாது. மழைத் தண்ணீர் விழுந்த மாத்திரத்தில் மணலுக்குள் இறங்கிவிடும். குட்டையான புல் மட்டும் ஜமக்காளம் விரித்ததுபோல் அடர்ந்து படரும். அதில் ஆடு மேயும். முயல் வளை தோண்டும். காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்துக் குழிந்த இடங்களே பிற்காலத்தில் ஆட்டக்காரர்களைத் திணற அடிக்கும் மணற்பள்ளங்கள் ஆயின என்று சொல்வது வழக்கம். சிற்பி ஒருவரும் உளி பிடிக்கவில்லை. காற்று, ஆடு, முயல் ஆகிய மூவரும் சேர்ந்து அமைத்த மைதானம் அது.

ஏருக்கு உதவாத நிலத்தை யாரும் தனக்கென்று வளைத்துக்கொள்ளவில்லை. ஆகவே அது ஊரார் அனைவருக்கும் பொதுவாயிற்று. நமது ரெவினியூ இலாகாவில் இதற்கு ஓர் அருமையான பெயர் உண்டு: புறம்போக்கு. தீர்வைக்குப் புறம்பான நிலம் என்று அர்த்தம். மேய்ச்சல், களம், ஏரி, சுடுகாடு, வழிநடை எல்லாம் அதில்தான் அடக்கம். அந்தச் சொல்லை நாம் எப்படியோ வசைச்சொல் ஆக்கிவிட்டோம். ஸ்காட்லாந்தில் ஒரு நகரம் தன்னுடைய புறம்போக்கையே தன்னுடைய கீர்த்தியாக வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த நகரத்தின் பெயர் செயின்ட் ஆண்ட்ரூஸ். எடின்பரோவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்று லூக்கர்ஸ் என்னும் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போகவேண்டும். உலகத்துக் கோல்ப் ஆட்டக்காரர்களுக்கெல்லாம் அது காசி, ராமேசுவரம் இரண்டும் சேர்ந்தது. மைதானம் ஒன்றுக்குப் பதினெட்டுக் குழிகள் என்ற கணக்கே அங்கே பிறந்ததுதான். 1764-ஆம் வருஷத்தில், சுற்றுக்கு 22 குழிகளாக இருந்ததை 18 ஆகக் குறைத்தார்கள். பிற்பாடு உலகமெல்லாம் அதையே பின்பற்றிற்று.

ஆனால் அந்த மணல்வெளியின் சரித்திரம் ஆட்டத்தைவிட ஸ்வாரஸ்யமானது. 1552-ஆம் வருஷத்தில் அவ்வூர் ஆர்ச்பிஷப் ஒரு சாஸனம் எழுதிக் கொடுத்தார். மணல்வெளியில் முயல் வளர்க்கும் உரிமை தமக்கு. கோல்ப் முதலிய ஆட்டங்கள் ஆடும் உரிமை ஊராருக்கு. இரண்டரை நூற்றாண்டுகள் இப்படி நடந்தது. 1797-இல் நகரசபை கடனில் மூழ்கிற்று. கடனுக்காக மணல்வெளியை விற்றுவிட்டது. நிலம் முயல் வியாபாரம் செய்யும் முதலாளிகளின் கைக்குப் போயிற்று. ஆட்டக்காரர்கள் பந்தடிக்கும் இடமெல்லாம் முயல் வளை. ஊராருக்கும் முதலாளிகளுக்கும் கைகலப்பு, கோர்ட்டு வியாஜ்யம் எல்லாம் நடந்தன. கடைசியில் 1821-இல் பக்கத்து எஸ்டேட்டுக்காரரான ஜேம்ஸ் சீப் என்பவர் நிலத்தை விலைக்கு வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். இருந்தாலும் ஊர்ச்சொத்து ஊருக்குத் திரும்பவில்லை. 1894-இல் பார்லிமெண்டில் தனிச் சட்டம் நிறைவேறிய பிறகே நகரசபை அதை மீண்டும் பெற்றது. விற்க ஒரு கையெழுத்துப் போதுமாயிருந்தது. திரும்ப வாங்க 97 வருஷம் பிடித்தது.

அந்தப் பாடத்தை அவ்வூரார் மறக்கவில்லை. 1974-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒரு தர்மகர்த்த ஸ்தாபனம் மைதானங்களை நிர்வகித்து வருகிறது. ‘பழைய மைதானம்’ என்று பெயர் பெற்ற புராதன மைதானத்தின் ஓரத்தில் கம்பீரமாக ஒரு மாளிகை நிற்கும். அது 1754-இல் தோன்றிய மிகப் பிரபலமான சங்கத்தின் கட்டடம். அந்தச் சங்கத்துக்கு எதிரேயுள்ள புல்லில் ஒரு முழம்கூடச் சொந்தமில்லை. வெளியூரார் ஆடுவதற்குக் கோடையில் ஆளுக்கு 300 பவுனுக்கு மேல் கட்டணம் உண்டு. தங்கப் பவுன் அல்ல, சீமை நாணயம்தான். அப்படியும் பெயர் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இடமிருக்காது. ஆகையால் பல இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். உத்தரமேரூர்க் கல்வெட்டில் கண்ட குடவோலையை அங்கே கோல்புக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம்மவர்கள் 300 பவுன் கொடுக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் போனால் போதும். பெரிய பந்தயம் நடக்கும் நாட்கள் நீங்கலாக, ஞாயிறன்று பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது. அன்று அது ஊராரின் உலாவிடம். குழந்தைகள் ஓடுகிறார்கள். நாய்கள் ஓடுகின்றன. கிழவர்கள் கைத்தடியுடன் நடக்கிறார்கள். ஸ்வில்கன் என்னும் வாய்க்காலின் மேல் சிறிய கற்பாலம் ஒன்று இருக்கிறது. சுமார் 700 வருஷத்தது என்கிறார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் விடைபெறும்போது நின்று கையசைக்கும் பாலம் அதுதான். 2023-ஆம் வருஷம் பிப்ரவரியில் அந்தப் பாலத்தின் வாயிலில் கல் பாவி ஒரு தளம் போட்டார்கள். ஜனங்கள் பெருங்கூச்சல் போட்டார்கள். சில தினங்களுக்குள் கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பொதுச் சொத்தை ஊரார் எவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சிதம்பரத்து அம்மாளுக்கென்று அங்கே விசேஷமாக ஓர் இடம் உண்டு. அதன் பெயர் ‘ஹிமாலயம்’! பனி இல்லை, முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் அலை அலையாகப் புல்மேடுகள். பெண்கள் தோளுக்கு மேல் கையை ஓங்கிப் பந்தடிப்பது அடக்கமல்ல என்று நினைத்த காலத்தில், மெள்ளத் தட்டி உருட்டும் ஆட்டத்துக்காக 1867-இல் ஸ்திரீகளின் சங்கம் ஒன்று அங்கே ஏற்பட்டது. இன்று சொற்பக் கட்டணம் கொடுத்து யார் வேண்டுமானாலும் ஆடலாம். மாளிகைச் சங்கத்தார் பெண்களை அங்கத்தினராகச் சேர்க்கத் தீர்மானித்தது 2014-இல்தான் என்பதையும், ஹிமாலயத்து ஸ்திரீகள் அதற்கு 147 வருஷம் முந்தியே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் நமது சகோதரிகள் கவனிக்க வேண்டும்.

போகும் வழியில் எடின்பரோவுக்கு அருகே மஸல்பரோ என்னும் ஊரிலுள்ள பழைய மைதானத்தையும் பார்க்கலாம். ஒன்பது குழிகள்தான். குதிரைப் பந்தய ஓடுபாதைக்கு நடுவே அமைந்திருக்கிறது. 1672-ஆம் வருஷத்திலேயே அங்கே கோல்ப் ஆடியதற்குக் கணக்குப் புத்தகச் சான்று உண்டு. சாமான்யர்கள் கட்டணம் கொடுத்து ஆடும் இடம் அது.

அயர்லாந்துப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு இடங்கள் சொல்லலாம். வட அயர்லாந்தில் நியூகாஸில் கரையிலுள்ள மைதானத்தில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மோர்ன் மலை; மலையடிவாரம் வரையில் மஞ்சள் பூக்கும் முட்புதர்கள். மேற்குக் கரையில் லகிஞ்ச் என்னும் ஊர் மைதானத்தில் ஆடுகள் இருக்கின்றன. ஆடுகள் மணல்மேட்டில் மேய்ந்தால் வானம் தெளிவாக இருக்கும். கிளப் கட்டடத்தை ஒட்டி வந்து ஒதுங்கினால் மழை வரும் என்று கணக்கு. அந்தக் கிளப்பின் சின்னமே ஆடுதான். நம் ஊர்க் கீதாரிகளுக்குத் தெரிந்த சாஸ்திரம் அங்கேயும் தெரிந்திருக்கிறது.

இங்கிலாந்தில் க்ளாஸ்டர்ஷயர் ஜில்லாவில் மின்சின்ஹாம்டன் பொதுவெளி என்று ஒன்று உண்டு. கோடையில் அக்கம்பக்கத்தார் தங்கள் பாத்தியதைப்படி அங்கே மாடுகளை மேய விடுகிறார்கள். மாடுகளுக்கு நடுவிலேயே கோல்ப் ஆடுகிறார்கள். பந்து பசுவின் காலடியில் போய் நின்றால் பசு நகரும் வரையில் கனவான்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

ஸ்விட்ஸர்லாந்தில் க்ரான் என்னும் மலையூரில் 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு மைதானம். சுற்றிலும் ஆல்ப்ஸ் சிகரங்கள். கோடையில் பந்து உருளும் சரிவுகளில் மாரிக்காலத்தில் பனி மூடிக் கிடக்கும். வடக்கே நார்வேயில் லோபோடன் தீவுகளில் பாறைக்கும் கடலுக்கும் இடையே உள்ள மைதானத்தில் கோடையில் சில வாரங்கள் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை, நள்ளிரவில் ஆடுகிறார்கள். எல்லாவற்றையும்விட வேடிக்கை, பின்லாந்தின் டோர்னியோவுக்கும் ஸ்வீடனின் ஹபராண்டாவுக்கும் பொதுவான மைதானம். தேச எல்லை அதன் குறுக்கே ஓடுகிறது. பின்லாந்துக் கடிகாரம் ஸ்வீடனைவிட ஒரு மணி முன்னே போகிறது. ஆகவே இந்தத் தேசத்தில் அடித்த பந்து அந்தத் தேசத்தில் ஒரு மணி நேரம் கழித்து விழும். ராகுகாலம் பார்த்து ஆடுகிறவர்கள் அங்கே என்ன செய்வார்களோ தெரியாது!

இரண்டு எச்சரிக்கைகள். பிரிட்டனுக்கு விஸா தனி. ஐரோப்பாவின் மற்ற தேசங்களுக்கு வாங்கிய விஸா அங்கே செல்லாது. இரண்டாவது, மைதானத்து ஓரமாக நடக்கும்போது யாராவது “போர்!” என்று கூவினால் யுத்தம் மூண்டுவிட்டதாக எண்ணித் திரும்பிப் பார்க்க வேண்டாம். தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனியுங்கள். பந்து வருகிறது என்று அர்த்தம்.

இப்பேர்ப்பட்ட ஆட்டம் நம் தேசத்துக்கு எப்படி வந்தது? 1829-இல் கல்கத்தாவில் ஒரு கோல்ப் சங்கம் ஏற்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுதான் முதலாவது. ஐரோப்பாக் கண்டத்தின் முதல் சங்கம் பிரான்ஸிலுள்ள போ நகரத்தில் 1856-இல்தான் பிறந்தது. பாரிஸ், ரோம் எல்லாவற்றையும் நாம் முந்திக்கொண்டோம்! பிறகு 1876-இல் பெங்களூர், 1879-இல் கொழும்பு, 1895-இல் கொடைக்கானல் என்று வரிசையாக வந்தன. உதகமண்டலத்துப் புல்வெளியும் கொடைக்கானல் மேடும் அழகில் எந்த ஐரோப்பிய மைதானத்துக்கும் இளைத்தவை அல்ல. கொடைக்கானலில் காட்டெருமைகளே வந்து ஆட்டம் பார்க்கின்றன.

ஆனால் வந்தவர்கள் ஆட்டத்தைக் கொண்டுவந்தார்களே தவிர, அது பிறந்த மண்ணின் வழக்கத்தைக் கொண்டுவரவில்லை. தங்கள் ஊரில் சலவைத் துணிக்கும் மாட்டுக்கும் நடுவே ஆடிப் பழகியவர்கள் இங்கே வேலி போட்டார்கள். வாசலில் காவல் வைத்தார்கள். சுதேசிக்கு அநேகமாய் உள்ளே போக ஒரே வழிதான் இருந்தது: துரையின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது. சீமையிலும் வேலி போட்ட கிளப்புகள் ஏராளம் உண்டு என்பது வாஸ்தவம். எனினும் அங்கே வேலிக்குப் பக்கத்திலேயே வேலியில்லாத மைதானமும் இருந்தது. இங்கே வேலி மட்டும்தான் வந்து சேர்ந்தது.

இதற்குக் கடலூரைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்து நிலமும் அவர்களுக்குச் சேரும் என்பது ஒப்பந்தம். சுட்டுப் பார்த்தார்கள். குண்டு விழுந்த எல்லைக்கு உட்பட்ட ஊர்களுக்குக் ‘குண்டு கிராமம்’ என்றே பெயர் ஏற்பட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஊர் நிலத்தில் பந்தை அடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். தேவனாம்பட்டினத்தில் குண்டை அடித்துவிட்டு நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

சுயராஜ்யம் வந்த பிறகு இந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. சென்னை கிண்டியில் குதிரைப் பந்தய ஓடுபாதைக்குள்ளே ஜிம்கானா கிளப்பின் கோல்ப் மைதானம் நெடுங்காலமாக இருந்து வந்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசாங்கம் பந்தய கிளப்பின் குத்தகையை ரத்து செய்து சுமார் 160 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. விவகாரம் ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. நிலத்தைப் பசுமைப் பூங்காவாக்கி, மழைநீருக்குக் குளம் வெட்டும் யோசனை வெளியாயிற்று. இதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று நியாயாதிபதிகள் சொல்லட்டும். நமக்கு ஞாபகம் வருவது மஸல்பரோதான். அங்கேயும் குதிரை ஓடுகிறது. அங்கேயும் பந்து உருளுகிறது. ஜனங்களும் உள்ளே போகிறார்கள். மூன்றும் ஒரே நிலத்தில் நடக்கலாம் என்பதை அறிந்துகொள்ளவாவது ஒரு முறை அங்கே போய்வரலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்காட்லாந்தில் மாண்ட்ரோஸ் என்னும் ஊரின் பழம்பெரும் மைதானத்தைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸிலும் 2010-ஆம் வருஷத்துப் புயல் மணல்மேட்டை உடைத்தது. உடனே மணல் கொட்டி, மணலைப் பிடித்து நிறுத்தும் புல்லை நட்டு, மேட்டைத் திரும்ப எழுப்பினார்கள். மணல்மேடு போனால் மைதானம் போகும், அதன் பின்னாலுள்ளதும் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி தேவனாம்பட்டினத்திலும் கடலூர் ஜில்லாக் கரை நெடுகிலும் நேர்ந்ததை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சவுக்குத் தோப்புக்கும் அலையாத்திக் காட்டுக்கும் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று கண்டார்கள். ஆராய்ந்தது நமது கடலூர்க் கரையைத்தான். பிச்சாவரத்துக் கழியில் நிற்கும் தில்லை மரம், சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்ததோடு நில்லாமல் காவலும் காத்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் மணலைக் கட்டுகிற புல்லின் வேலையை நம் கரையில் அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் செய்து வருகின்றன. 2011-ஆம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு மணற்குன்றுகளைத் தொடக்கூடாத வகுப்பில் வைத்தது. காகிதத்தில் வைத்ததைக் கரையிலும் வைத்திருப்பது ஊராரின் பொறுப்பு.

ஆகையால் இந்தக் கோடையில் சீமைக்குப் புறப்படும் அன்பர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ஒதுக்கி வையுங்கள். அங்கே புல்லில் நடக்கும்போது, இது ஒரு முறை விற்றுப்போன நிலம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிக் கால் வலி தீர்ந்ததும், கிராம நிர்வாக அலுவலரிடம் போய் உங்கள் ஊரின் ‘அ’ பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். எந்தெந்த சர்வே நம்பர் மேய்க்கால், எது மணல்மேடு, எது வாய்க்கால் என்று அதில் எழுதியிருக்கும். அவை இன்னும் அந்தந்த இடத்தில் இருக்கின்றனவா என்று ஒரு சாயங்காலம் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். இல்லாமற்போயிருந்தால், அடுத்த ஆகஸ்டு 15-ந் தேதி கிராம சபை கூடும்போது சொல்வதற்கு உங்களுக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.